சாப்பு குத்திய கை

அத்தியாயம் 9

ஸ்டேப்ளர் முள்ளைப் பிடுங்கினால் காகிதத்தில் இரண்டு ஓட்டை விழும். அந்தப் புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாதவி பிடுங்கிய முள்ளுக்குக் கீழே மூன்று எழுத்து இருந்தது. மூன்று வாரமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. முள்ளை அடித்தவளும் அவள்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன். மற்றவர்கள் அதற்குள் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

தெமியாங்கில் சுல்தான் பாய் ஒரு சின்னக் கணினி நிறுவனம் வைத்திருக்கிறார். எஸ்டேட் கிளினிக்குகளுக்கு அவர்கள் ஒரு நீட்சி செய்து கொடுத்தார்கள். நீட்சி என்றால், நாம் இணையம் பார்க்கிற பிரௌசரோடு ஒட்டிக்கொண்டு கூடுதலாக ஒரு வேலை செய்கிற குட்டி மென்பொருள். கிளினிக் உதவியாளர் மலாய்க்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. அவர் மருந்தையும் அளவையும் ஆங்கிலத்தில் தட்டினால் இது தமிழில் ஸ்டிக்கர் அடித்துக் கொடுக்கும். நல்ல காரியம்தான்.

இந்த நீட்சியைப் பொட்டலமாகக் கட்டி, மேலே மின்முத்திரை வைத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும். அதற்கு விரல் அளவு உலோகத் துண்டு ஒன்று இருக்கிறது. கணினியில் செருகி ஆறு எண் தட்டினால் முத்திரை விழும். முத்திரை இல்லாத பொட்டலத்தைக் கிளினிக் கணினி உள்ளே விடாது. முத்திரை விழுந்த பிறகு யாராவது உள்ளே ஒரு புள்ளியை மாற்றினாலும் முத்திரை உடைந்துபோகும், அப்போதும் உள்ளே விடாது. அவ்வளவு கறார்.

ஆனால் முத்திரை நன்றாகவே இருந்த ஒரு பொட்டலம், ரந்தாவ் பக்கத்து எஸ்டேட்டில் பஞ்சாலை என்ற, ரப்பர் பால் வெட்டும் தொழிலாளியின் மருந்துப் பையில் தப்பான ஸ்டிக்கரை ஒட்ட வைத்தது. மூட்டு வலிக்கு வாரம் ஒன்று போட வேண்டிய மாத்திரை. ஸ்டிக்கர் தினம் ஒன்று என்றது. பத்து நாள் போட்டாள். பதினோராம் நாள் வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் விழுங்க முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

முத்திரை வைத்தது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி சுல்தான் பாய் துப்பறிவாளர் மாதவியைக் கூப்பிட்டார். முத்திரைக்குள்ளேயே அது விழுந்த நேரமும் பதிந்திருக்கும். வெள்ளிக்கிழமை, 5.20. அந்த வியாழன் இரவு ஆபிஸில் படுத்துத் தூங்கியது ராய்ஸ்டன் ஒருவன்தான். நீட்சியை எழுதியதும் அவனே. மாதவி அறிக்கை எழுதினாள்: விடியற்காலை ஐந்து இருபதுக்கு முத்திரை வைத்தவர் ராய்ஸ்டன். கையெழுத்துப் போட்டாள், முள் அடித்தாள். ராய்ஸ்டனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. கெமாஸில் இருக்கிற சித்தி வீட்டுக்குப் போய்விட்டான்.

இன்றைக்கு மூன்று மணிக்கு பாயின் லாயர் அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போகிறார்.

இப்போது முள்ளுக்கு வருவோம்.

மாதவியின் உதவியாள் டொனால்டுக்கு நாற்பத்திரண்டு வயது. முன்பு லாரி ஓட்டியவன், இப்போது அவளுடைய வேனையும் தன் வாயையும் ஓட்டுகிறவன். இங்கிலாந்துப் பந்தாட்டப் பைத்தியம். ஆட்டம் பன்னிரண்டரைக்கு என்று இணையத்தில் போட்டிருந்ததைப் பார்த்து, சனிக்கிழமை மத்தியானம் தே ஓ, அதாவது பாலில்லாத் தேத்தண்ணி, வாங்கி வைத்துக்கொண்டு வெறும் டிவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தானாம். அது இங்கிலாந்து மத்தியானம், நமக்கு ராத்திரி எட்டரை. இந்தக் கதையை அவன் காலையில் சொல்லி முடிக்கும்போது மாதவி சிரிக்கவில்லை. அறிக்கைக் கட்டை எடுத்தாள். முத்திரை விவரத்தை அச்சடித்த தாளில் ஐந்து இருபதுக்குப் பக்கத்தில் முள் குத்தியிருந்த இடத்தைப் பார்த்தாள். நகத்தால் நெம்பினாள்.

யு, டி, சி. உலகப் பொது நேரம். நம் கடிகாரத்துக்கு எட்டு மணி நேரம் பின்னால்.

"அப்ப ஐந்து இருபதுன்னா, நமக்கு மத்தியானம் ஒண்ணு இருபது," என்றாள் மாதவி.

டொனால்ட் காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஓட்டை வழியாக அவளைப் பார்த்தான்.

"எங்க ஆளுங்க தப்பு பண்ணா பாதர்கிட்ட சொல்லுவோம் க்கா. நீங்க என்கிட்ட சொல்லலாம். நான் பாதி பாதர்."

மாதவி வேன் சாவியை எடுத்து அவன் பக்கம் தள்ளினாள்.

வழி நெடுக செம்பனை. மாதவிக்கு ஒரு மரமும் கண்ணில் படவில்லை. தான் செய்த தப்பு ஒரு பக்கம் குத்தியது. இன்னொரு பக்கம் ஒரு கேள்வி. ராய்ஸ்டன் கணினிக்காரன். முத்திரை நேரம் எந்த ஊர்க் கடிகாரத்தில் ஓடும் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே தப்பித்திருப்பான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் என்ன செய்கிறான்?

"யாரையோ பின்னால மறைச்சு வெச்சிருக்கான்," என்றான் டொனால்ட், அவள் கேட்காமலேயே. "நானும் ஒரு வாட்டி ரோட்டு சம்மன் விஷயத்துல பொண்டாட்டியை மறைச்சேன் க்கா. ரெண்டு பேருக்கும் சேத்து வந்துச்சு."

பஞ்சாலையின் எஸ்டேட் நுழைவாயில் காவல் சாவடியில் நேபாளக் காவலாளி நோட்டை எடுத்துக் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் ராய்ஸ்டனுடைய மோட்டார் சைக்கிள் எண் இருந்தது. உள்ளே வந்தது பன்னிரண்டு நாற்பது. வெளியே போனது இரண்டு இருபத்தைந்து. கிளினிக்கில் புதுப் பொட்டலத்தை ஏற்றுவதற்காக வந்திருக்கிறான். ஒன்று இருபதுக்குத் தெமியாங்கில் முத்திரை விழுந்தபோது அவன் இங்கே, இருபது கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம்.

அப்படியானால் அந்த நேரம் ஆபிஸில் இருந்தது யார்? வெள்ளிக்கிழமை மத்தியானம். சுல்தான் பாய் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருப்பார். ஆபிஸில் வேலை செய்கிற இன்னொருவன் உசைரும் கூடவே போயிருப்பான். மிச்சம் ஒரே ஓர் ஆள். கூட்டித் துடைத்து, தேத்தண்ணி போட்டுக் கொடுக்கிற சூசையம்மாள்.

ராய்ஸ்டனுடைய அம்மா.

டொனால்ட் வேனை நிறுத்திவிட்டான். மூன்று வாரத்துக்கு முன்னால் மாதவி அவரையும் விசாரித்திருந்தாள். வெள்ளிக்கிழமை எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா, டிஜிட்டல் கையொப்பம் ஏதாவது செய்தீர்களா என்று கேட்டாள். அவர் இல்லை என்றார். கண்ணைப் பார்த்துச் சொன்னார். பொய் சொல்கிற முகம் இல்லை அது, இப்போது நினைத்தாலும் இல்லை.

"ஆபிஸ்ல அந்தத் துண்டை என்னான்னு சொல்லுவாங்க?" என்று கேட்டாள் மாதவி.

டொனால்ட் யோசித்தான். உசைர் ஒரு தடவை அவனிடம் காட்டியிருக்கிறான். "சாப்பு க்கா. எஸ்டேட் ஆபிஸ்ல மானேஜர் ரப்பர் சாப்பு இருக்கும்ல, அது மாதிரி. சாப்பு எங்க, சாப்பைக் குடு, அப்படித்தான் கேப்பாங்க."

மாதவி கண்ணை மூடிக்கொண்டாள். தான் கேட்ட கேள்வி அந்த அம்மாவிடம் போய்ச் சேரவே இல்லை.

சூசையம்மாள் லயன் வீட்டில்தான் இருந்தார். மகனை அனுப்பிய பிறகு அவரும் வேலைக்குப் போகவில்லை. அடுப்பில் கஞ்சி. அதை வெள்ளைத் துணியில் ஊற்றி, ஒரு பருக்கை இல்லாமல் வடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பஞ்சாலைக்கு. இரண்டு பேரும் முப்பது வருஷம் ஒரே நிரையில் பால் வெட்டியவர்கள். பஞ்சாலைக்கு எழுத்து தெரியாது. அதனால் காலையில் எழுந்ததும் மருந்துப் பையைப் படித்து மாத்திரையை எடுத்துக் கொடுப்பது சூசையம்மாள் வேலை. பத்து நாளும் அவர்தான் எடுத்துக் கொடுத்தார். டாக்டர் அளவைக் கூட்டிவிட்டார் போல என்று நினைத்தாராம். இப்போது ஒரு நாள் விடாமல் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போகிறார்.

அவர் மாதவியைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாதவிக்கு அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

டொனால்டுக்கு ஒரு வீட்டின் சோகம் தாங்காது. ஏதாவது பேசியாக வேண்டும். அடுப்புப் பக்கத்து உப்பு ஜாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் குனிந்து படித்தான்.

"என்னா ஆண்ட்டி, உப்பு கிழமைக்கு ஒண்ணுதான் போடுவீங்களா?"

சூசையம்மாள் லேசாகச் சிரித்தார். ஆபிஸில் சோதனைக்கு அடித்து வீணாகிற ஸ்டிக்கர், நல்லா ஒட்டுது என்று எடுத்து வந்து ஜாடி மூடியில் ஈரம் ஏறாமல் ஒட்டுவாராம். மாதவி எழுந்து வந்து பார்த்தாள். மாத்திரையின் பெயர். அதன் கீழே, கிழமைக்கு ஒன்று. ஓரத்தில் பொடி எழுத்தில் தேதி, நேரம். அதே வெள்ளிக்கிழமை. காலை 11.32.

கிழமை என்றால் நாள்தானே என்று டொனால்ட் கேட்டான். நாள் இல்லை, வாரம் என்றார் சூசையம்மாள். கிளினிக்கில் முன்பு மருந்து கொடுத்த டிரெசர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். ஒரு கிழமைக்கு மருந்து, ரெண்டு கிழமை கழிச்சு வா என்றுதான் பேசுவார். நாற்பது வருஷம் அவர் வாயால் கேட்டுக் கேட்டு எஸ்டேட்டில் எல்லாருக்கும் கிழமை என்றால் வாரம். ராய்ஸ்டன் மருந்துச் சொற்களை அவரிடம்தான் எழுதி வாங்கினான். பஞ்சாலை இரண்டு வருஷமாக கிழமைக்கு ஒன்று என்று சரியாகத்தான் போட்டாள்.

மாதவி அந்த ஸ்டிக்கரை மனசில் வைத்துக்கொண்டாள். இப்போது கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும். கேட்காமல் திரும்பிப் போனால் மூன்று மணிக்கு மகன் மாட்டிக்கொள்வான். கேட்டால் இந்த அம்மா மாட்டிக்கொள்வார். நீங்களே சொல்லுங்கள் கண்ணுகளா, எப்படிக் கேட்பது?

"அம்மா," என்றாள். "அன்னைக்கு வெள்ளிக்கிழமை பாய் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போனப்புறம், நீங்க சாப்பு குத்துனீங்களா?"

"ஆமாம்மா, குத்துனேனே." அதில் ஒரு சின்னப் பெருமை கூட இருந்தது. "தம்பி போன் பண்ணான். பாய் பாத்துட்டுக் குத்துறேன்னு சொன்னாரு, மறந்துட்டுப் போயிட்டாரு போல, போன் எடுக்கல, கிளினிக்கு ரெண்டு மணிக்குத் திறந்துருவாங்க, அம்மா நீ குத்திடுன்னு சொன்னான். செருகச் சொன்னான், செருகுனேன். நம்பரு சொன்னான், தட்டுனேன். பச்சை லைட்டு வந்துச்சு. அம்மா நீதான் கெட்டிக்காரின்னு..."

கஞ்சித் துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை நின்றது.

"நீங்க அன்னைக்கு கையெழுத்துன்னு கேட்டீங்களே. அதுதான் இதா?"

மாதவி ஆமென்று தலையை ஆட்டினாள்.

சூசையம்மாள் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். கஞ்சி வடிந்துகொண்டிருந்தது. "இந்தக் கையாலதான் அவளுக்கு மாத்திரையும் குடுத்தேன்," என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பிறகு துணியை மறுபடி முறுக்க ஆரம்பித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம்.

மாதவிக்கு எல்லாம் புரிந்தது. ராய்ஸ்டன் மறைத்தது போலீசுக்குப் பயந்து இல்லை. ஜெயிலுக்குப் போனாலும் பரவாயில்லை, அம்மாவுக்கு இது தெரியக் கூடாது என்று மறைத்திருக்கிறான். மூன்று வாரம் ஒரு மகன் கட்டிக் காத்ததை அவள் ஒரே கேள்வியில் உடைத்துவிட்டாள். அவள் செய்த இரண்டாவது தப்பு இது. முதல் தப்பைத் திருத்தப் போய்ச் செய்தது.

உப்பு ஜாடியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். டொனால்ட் அதை மடியில் வைத்துக்கொண்டு வேனை ஓட்டினான். ரந்தாவ் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை. அவனைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

"ஆண்ட்டி சாப்புதான் குத்துனாங்க," என்றான் கடைசியில். "உள்ள இருந்ததை மாத்தல. உப்பு சாட்சி சொல்லுது. பதினொண்ணு முப்பத்திரண்டுக்கு கிழமைக்கு ஒண்ணு. சாப்பு விழுந்தது ஒண்ணு இருபது. அதுக்கப்புறம் யாரும் கை வெச்சிருந்தா சாப்பு உடைஞ்சிருக்கும். உடையல. அப்ப மாத்துனது நடுவுல."

"அம்மா கூட்டி முடிச்சதும் பின்கட்டுல இருந்திருக்காங்க. ராய்ஸ்டன் கிளம்பிட்டான்," என்றாள் மாதவி. "மிச்சம் ரெண்டு பேரு. உசைர், பாய்."

"ரெண்டு பேரையும் எப்படிக் கேப்பீங்க? கையெழுத்துன்னா, சாப்புன்னா?"

"கேக்கவே போறதில்ல. ஒரு வார்த்தையை மேசை மேல வெச்சிட்டு, யாரு அதை எப்படி எடுக்கிறாங்கன்னு பாக்கப் போறேன்."

தெமியாங்குக்கு வந்து சேரும்போது இரண்டு மணி. வாசல் மேசையில் உசைர். ரந்தாவில் பிறந்து அங்கேயே தமிழ்ப் பள்ளியில் படித்தவன். மாதவி போகிற போக்கில், அறிக்கையில் ஒரு சந்தேகம் வந்துவிட்டது, ஒரு கிழமையில் திருத்தித் தருகிறேன் என்றாள்.

உசைர் தலையைச் சொறிந்தான். "ஒரு வாரமா? மூணு மணிக்கு லாயர் போயிருவாரே க்கா."

அவள் நன்றி சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போனாள். டொனால்ட் உப்பு ஜாடியோடு பின்னால் வந்தான். சுல்தான் பாய்க்கு அறுபது வயதிருக்கும். நாகூர்ப் பக்கம் பிறந்து, பதினெட்டு வயதில் மாமாவின் சாப்பாட்டுக் கடைக்கு வந்து, தட்டு கழுவி, படிப்படியாக மேலே வந்த மனிதர். எஸ்டேட் லயனில் ஒரு நாள் இருந்ததில்லை. மேசை மேல் மாதவியின் பழைய அறிக்கை, உறை போட்டுத் தயாராக இருந்தது.

அவள் அதே வாக்கியத்தைச் சொன்னாள். "பாய், ஒரு கிழமை குடுங்க. திருத்திக் குடுத்துடுறேன்."

"ஒரு நாள் எல்லாம் முடியாதும்மா," என்றார் அவர். "லாயர் வந்துட்டே இருக்காரு. நாளைக்குன்னா திரும்ப அவரைப் பிடிக்கிறது கஷ்டம்."

மாதவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் ஒரு வாரம் கேட்டேன் பாய்."

"கிழமைன்னு சொன்னீங்களே."

"கிழமைன்னா என்ன பாய்?"

"நாள்தானே. வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை..." என்று ஆரம்பித்தவர், டொனால்ட் மேசை மேல் வைத்த ஜாடியைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதற்கப்புறம் அவர் அதைத் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

மெதுவாகத்தான் சொன்னார். பொட்டலத்தைக் கடைசியாக ஒரு பார்வை பார்த்து முத்திரை வைப்பது அவர் வழக்கம். அன்றைக்கும் பார்த்தார். கிழமைக்கு ஒன்று என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று, திங்கட்கிழமைக்கு ஒன்று என்றுதானே அர்த்தம், இதை ஏன் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறான், ஏழை சனங்களுக்குப் புரிகிற தமிழாக இருக்கட்டும் என்று தினம் ஒன்று என மாற்றினார். பாங்கு சொல்லிவிட்டார்கள். முத்திரையை மறந்துவிட்டு ஓடினார். திரும்பி வந்து பார்த்தபோது முத்திரை விழுந்திருந்தது. ராய்ஸ்டன் எப்படியோ வைத்துவிட்டான் என்று விட்டுவிட்டார். பஞ்சாலை விழுந்த பிறகுதான் கிழமை என்றால் அங்கே வாரம் என்று யாரோ சொல்லக் கேட்டாராம். கேட்டும் காது இன்னும் பழைய அர்த்தத்திலேயே இருக்கிறது, பாருங்கள்.

"அதான் என்கிட்ட சாப்பு வெச்சது யாருன்னு மட்டும் கேக்கச் சொன்னீங்க," என்றாள் மாதவி. "மாத்துனது யாருன்னு கேக்கச் சொல்லல."

"ஆமா."

"விடியற்காலைன்னு நான் எழுதினப்ப அது தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். காலைல வெச்ச சாப்புன்னா மத்தியானம் நீங்க கை வெச்சதும் உடைஞ்சிருக்கணும்."

"தெரியும்." அவர் அவளை நேராகப் பார்த்தார். "ஆனா நீங்க எழுதிட்டீங்களேம்மா. கையெழுத்தும் போட்டிருந்துச்சு. நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு. சும்மா இருந்தாப் போதும்னு இருந்துட்டேன்."

அந்த அடி சரியான இடத்தில் விழுந்தது. மாதவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பாய் கொஞ்சம் பொறுத்து இன்னொன்று சொன்னார். கெட்ட மனிதர் சொல்வது போலச் சொல்லவில்லை, களைத்த மனிதர் சொல்வது போலச் சொன்னார். கணினிக் கோளாறு என்று ஒரு வரி எழுதினால் போதும். ராய்ஸ்டன் நாளைக்கே வேலைக்கு வரலாம். சூசையம்மாள் பேர் வராது. அவர் பேரும் வராது. மாதவியின் முதல் அறிக்கையில் என்ன தப்பு என்று யாரும் கேட்கப் போவதில்லை.

உங்களிடம் நான் மறைக்க மாட்டேன், அவளுக்கு ஆசை வந்தது. எல்லாருக்கும் நல்லது மாதிரியே இருந்தது அது. சூசையம்மாளின் கையை நினைத்தாள். டொனால்டைப் பார்த்தாள். அவன் ஜாடி மூடியைத் தடவிக்கொண்டிருந்தான், ஒரு ஜோக்கும் இல்லை.

"கோளாறுன்னு எழுதினா மத்த எஸ்டேட் கிளினிக்குல இருக்கிற பொட்டலம் என்னாகும் பாய்?" என்று கேட்டாள். "அங்கேயும் யாராச்சும் தினம் ஒண்ணு போட்டுக்கிட்டு இருந்தா?"

அவர் நிமிர்ந்தார். எல்லாக் கிளினிக்கிலிருந்தும் அன்றைக்கே எடுத்துவிட்டோம் என்று சொல்ல வாயெடுத்தார். எடுக்கச் சொன்ன வேலை யாருடையது? ராய்ஸ்டனுடையது. அவனை அந்த வாரமே அனுப்பிவிட்டார்கள். பாய் எழுந்து கதவைத் திறந்து உசைரைக் கூப்பிட்டார். ஒவ்வொரு கிளினிக்குக்கும் இப்போதே போன் போடச் சொன்னார். கெமாஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் அந்தத் தப்பான பொட்டலம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மாத்திரையை இந்த மாதம் அங்கே யாருக்கும் கொடுக்கவில்லை. கேட்டதும் பாய் அதை அந்த நிமிஷமே எடுக்கச் சொன்னார்.

லாயர் வந்தபோது உறையில் இருந்த அறிக்கையைப் பாயே எடுத்துக் கிழித்தார். போலீசுக்கு நானே வருகிறேன் என்றார்.

மாதவி கெமாஸுக்குப் போன் போட்டாள். ராய்ஸ்டனின் போன் பல நாளாக அணைந்து கிடந்ததால் சித்தியின் போனில் அவனைப் பிடித்தாள். முழுதும் சொன்னாள். தன் தப்பையும் சொன்னாள், முள்ளையும் சொன்னாள். நீ வெளியே வந்துவிட்டாய் தம்பி என்றாள்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றான். அவன் கேட்டது அது ஒன்றுதான்.

"சொல்லிட்டேன்."

அவன் வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. பஞ்சாலை தலையணையில் சாய்ந்திருந்தாள். முடி கொட்டி, வாய் ஓரம் மருந்து பூசி, ஆனாலும் உட்கார்ந்திருந்தாள். சூசையம்மாள் கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். இந்த வாரம் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொன்னாராம்.

சூசையம்மாளை மாதவி நடைபாதைக்குக் கூப்பிட்டாள். வார்த்தையை மாற்றியது பாய், நீங்கள் இல்லை. உங்கள் கை முத்திரை மட்டும்தான் வைத்தது. முத்திரை என்றால் இன்னாரிடமிருந்து வந்தது, வழியில் யாரும் தொடவில்லை, அவ்வளவுதான் அர்த்தம். உள்ளே இருப்பது சரியா தப்பா என்று அது சொல்லாது. உங்கள் மேல் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் திரும்பத் திரும்ப, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

சூசையம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். டொனால்ட் நீட்டிய உப்பு ஜாடியை வாங்கிக்கொண்டார்.

"நீங்க எனக்காகச் சொல்றீங்கம்மா. ஆனா சாப்பு குத்துறவ ஒரு வாட்டி படிச்சுப் பாக்கணும்ல. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமே."

அந்த வாக்கியத்தில் மாதவிக்கும் இடம் இருந்தது.

"புதுசா எழுதுறப்ப என் பேரையும் எழுதுங்க," என்றார் சூசையம்மாள். "தம்பி மறைச்சான்னு எழுதிடாதீங்க. அம்மா குத்துனாள்னு எழுதுங்க." அப்புறம் கஞ்சி ஆறிவிடும் என்று உள்ளே போய்விட்டார்.

வேனில் உட்கார்ந்தே மாதவி புது அறிக்கையை எழுதினாள். முதல் வரியில் தன் பெயர், தன் தப்பு. பிறகு பாய். பிறகு, அந்த அம்மா கேட்டபடியே, அவர் பெயர். எழுதி முடித்ததும் டொனால்ட் பழக்கத்தில் ஸ்டேப்ளரை நீட்டினான், பேனாவையும் நீட்டினான்.

அவள் இரண்டையும் வாங்கவில்லை. முதல் பக்கத்தை எடுத்து, விரலை எழுத்தின் கீழ் வைத்து, ஆரம்பத்திலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள். டொனால்ட் வேன் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.